பதினேழாம் இலக்க வாடிக்கையாளர்

நாற்பதாயிரத்து முந்நூற்று இருபது சோதனைகளில் ஒன்று மட்டும் தோற்றிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. பரமட்டாவில் ஓர் அலுவலகத்தின் ஏழாம் மாடி. யன்னலோர மேசையிலிருந்த சயந்தினி திரையில் அந்த ஒற்றைச் சிவப்பு வரியைப் பார்த்தாள். தன் பிழையாகத்தான் இருக்கும் என்று மறுபடி ஓட்டினாள். அதே ஒன்று. அதே இடம்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, படித்த படிப்பைக் காட்டி விசா எடுத்து, பதினொரு வருடமாக சிட்னியில் இருப்பவள். ஹோம்புஷில் தனியாக ஒரு ஃபிளாட். கோயில் குளம் கிடையாது. சாதகம் கேட்டு வந்த தரகரிடம், தான் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கடிகாரம் நின்றுபோயிருந்தது, எந்த நேரம் வசதியோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியவள். எந்தப் படிவத்திலும் கடைசிப் பக்கத்துச் சிறிய எழுத்தை வாசிக்காமல் கையொப்பம் வைக்கமாட்டாள். இதனால் வங்கியில் அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவளைச் சபிப்பார்கள்.

அவளுடைய நிறுவனம் விற்பது ஒரு மறைகுறியாக்க லைப்ரரி. இரண்டு இயந்திரங்கள் பேசும்போது, நடுவில் நிற்பவன் வாசிக்க முடியாதபடி பேச்சைப் பூட்டிக் கொடுக்கும் நிரல். மற்றவர்கள் அதை வாங்கித் தங்கள் செயலிகளுக்குள் வைத்துக்கொள்வார்கள். பேச்சு தொடங்கும் கணத்தில், அழைக்கும் இயந்திரம் தனக்குத் தெரிந்த பூட்டுகளின் பட்டியலைச் சொல்லும். பதில் சொல்லும் இயந்திரம் அவற்றில் மிகப் பலமானதைத் தேர்ந்தெடுக்கும். தேர்வு செய்யும் அந்தப் பகுதி பன்னிரண்டு வருடத்தில் எண்ணூறு வரியாக வீங்கிப்போயிருந்தது. 'இப்படியானால் இது, இல்லையென்றால் அது' என்று ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த நிபந்தனைகள். அதைக் கலைத்து, எவரும் வாசிக்கக்கூடிய ஒரே அட்டவணையாக்குவது அவளுக்குக் கொடுத்த வேலை. வடிவம் மாறலாம், செய்கை மாறக்கூடாது.

செய்கை மாறவில்லை என்று காட்ட, பழைய நிரலிடமும் புதிய நிரலிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு இரண்டு பதிலையும் ஒப்பிட வேண்டும். பலர் இருபது முப்பது கேள்வியோடு நிறுத்திவிடுவார்கள். சிறிய எழுத்தை வாசிப்பவள் அப்படி நிறுத்துவாளா? எட்டுப் பூட்டுகளின் பெயரை எத்தனை வரிசையில் அடுக்க முடியுமோ அத்தனையையும் கேட்டாள். எந்த வரிசையில் சொன்னாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்: மிகப் பலமான பூட்டு. ஒரேயொரு வரிசைக்கு மட்டும் பழைய நிரல் பலமான ஏழையும் தாண்டிப்போய், பத்து வருடத்துக்கு முன்பே உடைக்கப்பட்ட எட்டாவதை எடுத்தது.

எண்ணூறு வரிகளுக்குள் இறங்கித் தேடினாள். 611ஆவது வரி. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு சின்னக் குறிப்பு: 'இந்த வரிசையைத் தொடவேண்டாம். வாடிக்கையாளர் 17.' எழுதியவர் பெயர் மகேந்திரராஜா.

மகேந்திரராஜா இறந்து மூன்று வருடம். மாரடைப்பு. அவள் இருந்த மேசை அவருடையது. அவளுடைய கதிரையும் அவருடையதுதான். உயரத்தை மாற்றும் நெம்புகோல் இறுகிப்போனதால், அவர் வைத்த உயரத்திலேயே அவள் மூன்று வருடமாக இருந்துகொண்டிருக்கிறாள்.

செத்துப்போன வரி, இப்போது யாருக்கும் பயன்படாது என்றுதான் முதலில் நினைத்தாள். லைப்ரரியை வாங்கிய சில சிறிய அமைப்புகளின் சேவையகங்களை அவளுடைய நிறுவனமே பராமரித்துக் கொடுத்தது. அவற்றின் பதிவேட்டில், அந்த வரி எத்தனை முறை ஓடியது என்று கேட்டாள். பூச்சியம் என்று வரும் என நினைத்தாள்.

நேற்று: 212. வெள்ளி: 209. சனி, ஞாயிறு: பூச்சியம்.

நேரத்தையும் பார்த்தாள். காலை ஆறுக்குச் சற்று முன்பு ஒரு கொத்து. பத்தரைக்கு ஒன்று. பின்னேரம் இரண்டு மணிக்கு ஒன்று. இறந்துபோன ஒரு மனிதர் திங்கள் முதல் வெள்ளிவரை ஷிஃப்ட் வேலைக்குப் போய்வருவதைப் போல இருந்தது. அலுவலகத்தில் வெளிச்சத்துக்கும் ஆட்களுக்கும் குறைவில்லை. இருந்தும் அவள் கதிரையிலிருந்து எழுந்து நின்றாள். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி இருந்தாள்.

அவளுடைய மேலாளர் பிரதீப்குமார் கோயம்புத்தூர்க்காரர். திரையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பழைய கஸ்டமர் ஏதோ கேட்டிருப்பாங்க. அப்படியே வெச்சிடுங்க சயந்தினி."

"பதினேழு எண்டது ஆர்?"

"லிஸ்ட்ல இல்லையா?"

"பதினாறு இருக்கு, பதினெட்டு இருக்கு."

"அப்ப எனக்கும் தெரியாது," என்றார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் ஐந்தரைக்கு அவள் வீடு திரும்பி, வழக்கம்போல தன் ஃபிளாட்டிலிருந்து ஒரு மாடி கீழே இறங்கி பவளம் அன்ரியின் கதவைத் தட்டினாள். பவளத்துக்கு ஐம்பத்தாறு வயது. தற்காலிக விசாவில், ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்த்து அழுத்தும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு கிழமைக்கு முன் அழுத்தும் இயந்திரத்தின் உருளை அவருடைய வலது கையின் இரண்டு விரல்களை இழுத்து நசுக்கியது. விரலைக் காக்கும் தடுப்புக் கம்பி அதில் இல்லை. வேகம் குறைகிறது என்று கழற்றி வைத்திருந்தார்கள். மனித விரலைவிடப் படுக்கை விரிப்பு அவர்களுக்கு அவசரம். காயம் ஆறுமுன்பே, ஒற்றைக் கையால் துணி மடிக்கலாம் என்று பவளத்தை வேலைக்கு அழைத்துவிட்டார்கள்.

குசினியில் சயந்தினி வெங்காயம் வெட்ட, பவளம் இடது கையால் தேத்தண்ணி கலக்கினார்.

"பிள்ளை, இண்டைக்கு ஒரு பகிடி நடந்தது. பகிடி எண்டுதான் சொல்லவேணும். இல்லாட்டி எனக்குப் பயத்தில நெஞ்சு நிண்டுபோம்."

"என்ன அன்ரி?"

"லோயர் பிள்ளை ராகவிக்கு நான் எழுதினனான் எல்லே, மெஷின் எப்பிடிக் கையை இழுத்ததெண்டு. தமிழிலதான் எழுதினனான். 'அது கடிக்க முன்னம் இருமும்' எண்டு எழுதினனான். ஒரு சத்தம் வரும், க்ஹூம் எண்டு. ஆருக்கும் வாயால சொல்லேல்ல. இண்டைக்குக் காலமை அந்தச் சூப்பர்வைசர் எனக்குக் கிட்ட வந்து, சிரிச்சுக்கொண்டு கேக்கிறான்: 'மெஷின் கடிக்க முன்னம் இருமுமாமே?'"

சயந்தினியின் கத்தி நின்றது.

"இங்கிலிசில கேட்டவனோ?"

"வேற என்னத்தில? அவனுக்குத் தமிழ் எங்க தெரியும். ஆனா என்ர சொல்லு பிள்ளை. என்ர வாய்ச்சொல்லு."

சலவைச்சாலையில் இது புதிதல்ல. இரண்டு மாதமாக இப்படித்தான். இயந்திரங்களைப் பற்றி முறைப்பாடு கொடுக்க, பதினான்கு பேர் ஒரு சட்ட உதவி அமைப்பின் செயலி மூலம் ராகவிக்கு எழுதினார்கள். எழுதிய மறுநாளே, எழுதியவர் யார், எழுதியது என்ன என்று மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருந்தது. மூன்று பேருக்கு வேலை போனது. தெரிந்தது எப்படி என்பதற்கு எல்லோரிடமும் ஒரே பதில் இருந்தது: சுஜீதன்.

சுஜீதன் முப்பது வயதுத் தனியாள். துணி வண்டிகளை லொறியில் ஏற்றுபவன். ஆங்கிலம் நன்றாகப் பேசுவான். மேற்பார்வையாளரோடு கிரிக்கெட் கதைப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் பவளத்தின் வீட்டில் சாப்பிட்டு, போகும்போது குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் போவான். இப்போது அவனோடு எவரும் பேசுவதில்லை. போன ஞாயிறு அவன் வந்து கதவைத் தட்டினான். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தும் பவளம் திறக்கவில்லை. திங்களிலிருந்து வேலைக்கும் வரவில்லை. ஃபோனும் நிறுத்தியிருந்தது.

"அவன் எண்டதுக்கு என்ன சாட்சி, அன்ரி?"

"எல்லாற்ற கதையும் வெளியில போச்சு. அவன்ர மட்டும் போகேல்ல. அவனும்தானே ராகவிக்கு எழுதினவன்? அவனை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே. பிறகென்ன சாட்சி வேணும்? காட்டிக்குடுக்கிறவனை எங்களுக்குத் தெரியாதே, பிள்ளை?"

தெரியும். அதுதான் கேடு. ஊரில், தலையில் சாக்குப் போட்ட ஒருவன் தலையாட்ட, வரிசையில் நின்றவர்களை இராணுவம் இழுத்துச் செல்வதைப் பார்த்து வளர்ந்த சனம் இது. இரகசியம் வெளியே போனால், போன வழியைத் தேடாது. மனித முகத்தைத் தேடும். சயந்தினியின் தெருவில் அவளுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது நான்கு பெடியன்களைப் பெயர் சொல்லிப் பிடித்துப் போனார்கள். தையல்கடைக்காரர்தான் சொன்னார் என்று தெரு தீர்ப்பளித்தது. அவருக்கு யாரும் துணி கொடுக்கவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, முகம் கொடுக்கவில்லை. நாற்பதாம் நாள் அவரைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். பிறகொரு காலம், பெயர்கள் போனது கடையில் தொங்கிய பங்கீட்டுப் பட்டியலிலிருந்து என்று தெரியவந்தது. ஒரு கடதாசி. கிணற்றைத் தூர்த்தார்கள். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லாததால் கேட்கவில்லை.

நேற்று திங்கள், இன்று செவ்வாய் என்று சயந்தினி மனதுக்குள் எண்ணினாள். சுஜீதனை யாரும் பார்த்து இரண்டு நாள்.

"அன்ரி, நீங்கள் ராகவிக்கு எழுதினது எந்த ஃபோனில?"

"வேலை ஃபோனில. ஷிஃப்ட் நேரம் பாக்கவெண்டு எல்லாருக்கும் குடுத்தவங்கள். என்ரயில டேட்டா போட வேணும், அதில சும்மா. எல்லாரும் அதிலதான் எழுதுறது. வீட்டில இருந்து ஏன் காசை எரிப்பான்? காலமை போனவுடன, தேத்தண்ணிக்கு விட்டவுடன, முடிஞ்சவுடன, அங்க இருந்துதான்."

"காலமை எத்தினை மணிக்குப் போறனீங்கள்?"

"ஆறுக்கு ஷிஃப்ட். தேத்தண்ணி பத்தரைக்கு. முடிய ரெண்டாகும். ஏன் பிள்ளை, முகம் வெளுக்குது?"

புதன்கிழமை இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு சயந்தினி பதிவேட்டைத் திறந்து வைத்தாள். ராகவியின் சட்ட உதவி அமைப்பும் அந்த லைப்ரரியைத்தான் வாங்கியிருந்தது. அதன் சேவையகத்தில் 611ஆவது வரி அன்று ஓடிய கணக்கு 143இல் நின்றது. வேலைத்தளத்து வாசலுக்கு வெளியே, மற்ற எவரும் ஃபோனை எடுக்குமுன், பவளம் முதலாவதாக எழுதுவதென்று பேச்சு. சயந்தினி தன் ஃபோனிலிருந்து அழைத்தாள்.

"இப்ப அனுப்புங்கோ அன்ரி."

"அனுப்பிப்போட்டன்."

143 என்பது 144 ஆனது.

அவ்வளவுதான் நடந்தது. ஓர் இலக்கம் மாறியது. ஆனால் இருபது கிலோமீற்றருக்கு அப்பால் காயம்பட்ட ஒரு பெண் விரலை அழுத்த, இறந்தவரின் வரி இங்கே எழுந்து, அந்தப் பெண்ணின் பேச்சை உடைந்த பூட்டால் பூட்டி அனுப்பியதை சயந்தினி கண்ணால் கண்டாள். பேயென்றால் பயம் தெளிய வழி உண்டு, அது இல்லை என்று சொல்லிவிடலாம். இது இருந்தது.

விளங்கியது இதுதான். நிறுவனம் கொடுத்த ஃபோன்களின் பேச்செல்லாம் முதலில் நிறுவனத்தின் ஓர் இடைக்கருவிக்குள் போகிறது. அது பூட்டுப் பட்டியலை அந்த ஒரு வரிசையில் மாற்றி அடுக்கி அனுப்புகிறது. வரிசையைக் கண்ட லைப்ரரி, தெரிந்தவனுக்குக் கதவைத் திறப்பதுபோல, உடைந்த பூட்டை எடுக்கிறது. நடுவில் இருப்பவன் வாசிக்கிறான். தமிழைத் தெரிந்திருக்கத் தேவையில்லை. மொழிபெயர்க்கும் இயந்திரம் இலவசம். நல்ல ஃபோன் வைத்திருப்பவனுக்குப் பலமான பூட்டு. கொடுத்த ஃபோனை வாங்கிக்கொண்டவனுக்கு உடைந்தது. எழுதிவைக்காத சட்டம் என்பார்கள். இதை எழுதியே வைத்திருந்தார்கள், 611ஆவது வரியில்.

வாசிக்கக்கூடும் என்பது வேறு, வாசித்தான் என்பது வேறு. அதற்காகத்தான் பவளம் அன்று அனுப்பிய செய்தியை இருவருமாக முதல்நாளே யோசித்து வைத்திருந்தார்கள். அதில் இருந்தது முழுப் பொய்: 'நாளைக் காலை நாங்கள் எல்லாரும் கையில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டு வருவோம். பத்தரைக்கு நூலைக் காட்டி வேலையை நிறுத்துவோம்.' அவர்கள் இருவரையும் தவிர எவருக்கும் தெரியாது. ராகவிக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவள் அதை வாசித்துவிட்டு அடுத்த நிமிடமே பவளத்துக்கு ஃபோன் எடுத்தாள்: "அன்ரி, என்ன நூல்? ஏதும் விரதமோ?"

வியாழன் காலை ஏழு மணிக்கு சயந்தினியின் ஃபோன் அடித்தது. பவளம் தன் சொந்த ஃபோனில், கழிவறைக்குள்ளிருந்து, மூச்சு விடாமல் பேசினார்.

"பாத்தவன் பிள்ளை. சூப்பர்வைசர் எல்லாற்ற கையையும் பாத்தவன்."

"ஆறுதலாச் சொல்லுங்கோ."

"வாசலில மறிச்சு வரிசையில நிக்க வைச்சவன். சுகாதாரச் செக்காம். குளிருக்கு எல்லாரும் முழுக்கை போட்டிருக்கினம், மேல இழுத்துவிடச் சொன்னவன். ஒருத்தற்ற முகத்தையும் பாக்கேல்ல. நகத்தைப் பாக்கேல்ல. மணிக்கட்டு மட்டும். ஒவ்வொருத்தராப் பாத்துத் தலையை ஆட்டி உள்ள விட்டவன். தலையை ஆட்டி, பிள்ளை. எனக்கு ரெண்டு கையும் பாத்தவன். கட்டுத் துணியை ஒற்றை விரலால மெல்லமா நகத்தி, அதுக்குக் கீழயும் பாத்தவன்."

"சுஜீதன் அங்க இல்லைத்தானே?"

எங்கோ பின்னால் ஓர் இயந்திரம் இருமியது.

"இல்லை," என்றார் பவளம். "ஐயோ. அவன் இல்லை."

பத்து மணிக்கு சயந்தினி பிரதீப்குமாரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"பதினேழு அந்த லாண்ட்ரி கம்பெனிதான்," என்றார். "தங்களோட ஃபோன்ல வேலையாட்கள் என்ன பண்றாங்கன்னு பாக்கணும்னு கேட்டாங்க. பெரிய காண்ட்ராக்ட். மகேந்திரராஜா முடியாதுன்னார். ரெண்டு வாரம் சண்டை போட்டார். அப்புறம் எழுதிட்டார். மூணு பிள்ளைங்க அவருக்கு. அதுக்கப்புறம் லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்தது நான்தான்."

"இனி?"

"நீங்க செய்ற டேபிள்ல அந்த வரியே வராதே. மாத்தி எழுதினா தானா போயிடும். திங்கள்ல இருந்து யாரும் யாரையும் படிக்க முடியாது. சத்தமில்லாம முடிஞ்சுடும். அழகான வேலை."

"சத்தமில்லாம முடிஞ்சா சுஜீதன்?"

"சுஜீதன் யாரு?"

அவள் சொன்னாள். தையல்கடைக்காரரைப் பற்றியும் சொன்னாள். அவர் யன்னலுக்கு வெளியே கோர்ட்டுக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகேந்திரராஜாவின் செத்தவீட்டில் அவரைப் பொன்னான மனுசன் என்றார்கள். பொய்யில்லை. இந்த மாதிரி வரிகளைக் கெட்டவர்கள் எழுதுவதில்லை. அவர்களுக்கு அந்தத் திறமை கிடையாது. இரண்டு வாரம் சண்டை பிடித்துவிட்டுக் களைத்துப்போகும் நல்லவர்கள்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

லைப்ரரியில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விளக்கக் குறிப்பு எழுதவேண்டும். அந்தக் குறிப்பு, வாங்கிய எல்லா அமைப்புக்கும் தானாகப் போய்விடும். பெரும்பாலும் 'நிரல் எளிதாக்கப்பட்டது' என்று எழுதி முடிப்பார்கள். வெள்ளி காலை சயந்தினி ஐந்து வசனம் எழுதினாள். இந்த ஒரு வரிசைக்கு இந்த உடைந்த பூட்டு வேண்டுமென்றே கொடுக்கப்பட்டு வந்தது. இத்தனை வருடம். இந்த வாடிக்கையாளரின் வேண்டுகோளில். இந்த வழியால் போன செய்திகள் நடுவில் வாசிக்கப்பட்டன என்று நம்பக் காரணம் உண்டு. பாதிக்கப்பட்டவர்களுக்கு அறிவியுங்கள். கீழே தன் முழுப் பெயர்.

மேலாளர் ஒப்புதல் அழுத்தாமல் அது போகாது. காலை முழுக்க அது பிரதீப்குமாரின் திரையில் கிடந்தது. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகும் கிடந்தது. நாலு நாற்பதுக்கு ஒப்புதல் வந்தது, ஒரு சொல்லும் கூடாமல், குறையாமல். அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டால் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு இருவருக்கும் ஒரே அழைப்பு வந்தது: திங்கள் காலை ஒன்பது மணி, நிர்வாகத்தோடு கூட்டம். என்ன விஷயம் என்ற இடம் வெறுமையாக இருந்தது.

சனிக்கிழமை பகல் சயந்தினியும் பவளமும் வென்ட்வொர்த்வில்லில் சுஜீதன் வாடகைக்கு இருந்த வீட்டைத் தேடிப் போனார்கள். ஐந்து பேர் பகிர்ந்த வீடு. முன்பக்கம் எவரும் இல்லை. தட்டினார்கள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை.

பவளம், கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டியை இடது கையால் இறுக்கிப் பிடித்தார். "பிள்ளை, இந்த வீட்டில பின்வளவு இருக்கோ?" என்றார். கிணறு இருக்கிறதோ என்று கேட்கவில்லை. சிட்னியில் கிணறு ஏது. இருந்தும் இருவரும் ஓடினார்கள்.

பின்வளவில், உடுப்புக் கொடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சுஜீதன் இருந்தான். தாடி வளர்ந்திருந்தது. மெலிந்திருந்தான். அவர்களைப் பார்த்து எழும்பவில்லை.

பவளம் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினார். ஃபோன், நூல், மணிக்கட்டு, தலையாட்டல். சொல்லி முடித்துவிட்டு, "நாங்கள் பிழை விட்டிட்டம் தம்பி" என்றார்.

அவன் உள்ளே போனான். திரும்பி வந்து, ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைப் பவளத்தின் கையில் வைத்தான். வேலை ஃபோன். சுற்றியிருந்த கண்ணாடித்தாள் கிழிபடவில்லை.

"சும்மா தாறான் எண்டால் ஏன் தாறான் எண்டு யோசிச்சன்," என்றான். "அதுதான் உடைக்கேல்ல. ராகவிக்கு என்ர ஃபோனில எழுதினன். என்ர கதை வெளியில போகாததுக்கு அதுதான் காரணம், அன்ரி. ஒருத்தரும் என்னைக் கேக்கேல்ல. கேட்டிருந்தால் காட்டியிருப்பன்."

"பிழைதான் தம்பி."

"இப்பவும் நீங்கள் என்னை நம்பி வரேல்ல. மெஷின் சொன்னதாலதான் வந்திருக்கிறியள்."

பவளம் சாப்பாட்டுப் பெட்டியை அவன் பக்கம் நீட்டினார். கொடியில் காய்ந்த சட்டைகளின் கைகள் காற்றில் ஆடின. சுஜீதன் அந்தச் சாப்பாட்டுப் பெட்டியை நெடுநேரம் பார்த்தான்.

"பிட்டோ?"

"ஓம். கத்தரிக்காயும் இருக்கு."

"வையுங்கோ," என்றான். கதிரையைப் பவளத்தின் பக்கம் தள்ளிவிட்டு, தான் புல்லில் இருந்தான். "சனி பின்னேரம் வேலையாக்கள் எல்லாரும் மண்டபத்தில கூடுறவை எல்லே? இண்டைக்கு நானும் வாறன். இந்த ஃபோன் பெட்டியையும் கொண்டு வாறன். நீங்கள் அவையளுக்கு முன்னால இப்ப சொன்னதை அப்பிடியே சொல்லவேணும். கதவு திறக்காததையும் சேர்த்து."

"சொல்லுவன்," என்றார் பவளம்.

அவன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சாப்பிடத் தொடங்கினான். பவளத்தின் கைப்பைக்குள், இரண்டு மாதமாக அவர் எழுதியதையெல்லாம் கேட்ட அந்த மற்ற ஃபோன், அடுத்த கிழமை ஷிஃப்ட் வந்துவிட்டது என்று ஒருமுறை அதிர்ந்தது. மூவரும் பையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். எவரும் எடுக்கவில்லை.